இருந்தும் கிட்டாத நிரலகம்

பிம்ப்ரியில் 1954-ஆம் ஆண்டு இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் மருந்துத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. அதன் பின்னர் இப்பகுதியில் எழுந்த ஆலைகளை நாடி நம்மவர் பலர் வந்து குடியேறினர். அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்து தொழில் புரிகின்றனர். அவர்களைத் திகைக்க வைக்கும் ஓர் இடரைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

மூலநிரலைப் பெற்று, தாமே தொகுத்து, லினக்ஸில் ஒரு மென்பொருளை நிறுவுகிறார்கள். யாவும் பிழையின்றி முடிகின்றன. இயக்கியதும், 'இன்ன நிரலகத்தைத் திறக்க இயலவில்லை' என்று கூறிக் கணிப்பொறி நின்றுவிடுகிறது. லைப்ரரி எனப்படும் அந்த நிரலகக் கோப்போ வட்டில் கண்ணெதிரே இருக்கிறது. இருப்பது எவ்வாறு இல்லாமற் போயிற்று?

நிரலகத்தைத் தேடுவோர் இருவர் என்பதே விடை. தொகுக்கும்போது தேடுவது இணைப்பி. இயக்கும்போது தேடுவது ஏற்றி. ஊர் மாறி வந்த ஒருவர் புதிய முகவரியைத் தமையனாருக்கு எழுதினார். வங்கிக்கு எழுத மறந்தார். தமையனாரின் கடிதம் வந்து சேரும். வங்கியின் கடிதம் பழைய வீட்டுக்கே போகும். இணைப்பிக்கு நாம் காட்டிய அடைவும் அவ்வாறே ஏற்றிக்குத் தெரியாது.

ஆகையால் முதலில் நோயை அறிதல் வேண்டும். தொகுக்கும்போதே செய்தி வருமாயின் இணைப்பிக்கு வழி காட்டுக. இயக்கும்போது வருமாயின் எல்டிடி என்னும் கட்டளையிடம் மென்பொருளின் பெயரைக் கொடுங்கள். தேவையான நிரலகங்களில் எவை எங்கே கிடைத்தன, எது கிடைக்கவில்லை என்று அது பட்டியலிடும்.

கணிப்பொறி நம்முடையதாயின் நிர்வாகி உரிமையுடன் எல்டிகான்ஃபிக் கட்டளையை இயக்கினால் ஏற்றியின் முகவரி ஏடு புதுப்பிக்கப்படும். யூஎஸ்ஆர், அதனுள் லோக்கல், அதனுள் லிப் என்னும் அடைவில் நிறுவியிருந்தால் டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இதுவே போதும். ஃபெடோரா வகையில் அவ்வடைவின் பெயரை ஏற்றியின் அமைப்புக் கோப்பில் முன்னதாக எழுதவும் வேண்டும்.

புனேயில் 1988-இல் தோன்றிய சிடாக் நிறுவனம் 1991-இல் பரம் 8000 என்னும் மீக்கணிப்பொறியை உருவாக்கியது. அத்தகைய பொதுப் பொறிகளில் பயன்படுத்துவோருக்கு நிர்வாகி உரிமை இராது. அங்கே தம் சொந்த அடைவில் நிறுவி, தொகுக்கும்போதே ஆர்பாத் என்னும் குறியால் வழியை மென்பொருளுக்குள் பதித்துவிடுதல் நன்று. எல்டி லைப்ரரி பாத் என்னும் சூழல் மாறி சோதனைக்கு உகந்தது. அதனை நிரந்தரமாக்கினால் வேறு மென்பொருள்களும் அவ்வழியே சென்று, பொருந்தாப் பதிப்பை எடுத்துப் பழுதுபடக்கூடும்.

அவசரத்தில் கோப்பைக் கணிப்பொறியின் மூல அடைவுகளில் நகலெடுத்துத் திணிப்பது இன்னும் கேடு. பழைய பதிப்பு அழிந்தால் அதனை நம்பிய மென்பொருள் அனைத்தும் நின்றுபோகும்.

அப்பிழைச் செய்தியைக் கண்டு முயற்சியைக் கைவிட வேண்டா. மென்பொருள் உருவாகிவிட்டது, வழி சொல்வதொன்றே எஞ்சியுள்ளது. தொகுக்கக் கற்றவரே நிரலைத் திருத்தவும், அதனைத் தமிழ் பேசச் செய்யவும் வல்லவராவர்.