உருளும் இல்லமும் ஆற்றுப்படையும்



கேரவன் என்னும் சொல்லைத் தமிழகத்தில் பலரும் முதலில் கேட்டது திரைப்பட நடிகர்களின் ஊர்தியை ஒட்டியே ஆகும். உறங்க இடமும் சமைக்க அடுப்பும் புழங்க நீரும் தன்னகத்தே கொண்டு, ஒரு குடும்பம் ஊர்விட்டு ஊர் செல்வதற்கு உதவும் ஊர்தி என்ற பொருளில் அது பரவத் தொடங்கியது அண்மையில்தான். அண்டை மாநிலமாகிய கேரளம் 2021ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சுற்றுலாக் கொள்கையே வகுத்தது. ஆயினும் இல்லத்தைச் சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு அறியாத நிலத்துக்குள் செல்லும் வாழ்க்கையைத் தமிழ் இலக்கியம் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கண்டிருக்கிறது. அவ்வாழ்க்கைக்கு உரியவர் உப்பு வணிகராகிய உமணர்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உமணர் வண்டி ஒன்று வருகிறது. முழவு போன்ற உருளை. மேலே புல் வேய்ந்த கூரை. வாயிலருகே கோழி அடையும் கூடு. பிடியானையின் முழங்காலை ஒத்த சிற்றுரல் ஒன்று பக்கத்தே தொங்குகிறது. முகப்பில் காடிப் பானை கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையோடு இருக்கும் தாய் எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பந்தழை மாலை அணிந்த வலிய ஆடவர் இருமருங்கும் காவலாக நடக்கின்றனர். புலவர் இங்கே எழுதியிருப்பது ஒரு சரக்குப் பட்டியல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எதை எங்கே வைக்கவேண்டும் என்பதை அறிந்த பட்டியல் அது. உடையக்கூடிய பானை கட்டுண்டு நிற்கிறது. கனத்த உரல் வெளியே தொங்குவதால் உள்ளே இடம் மிஞ்சுகிறது. உயிருள்ள உணவுக்கு வாயிலில் கூடு இருக்கிறது. இக்காலக் கேரவன் கட்டுவோரும் இவ்வினாக்களோடுதான் பணியைத் தொடங்குகின்றனர். சிறுபாணாற்றுப்படையில் உமணரோடு வந்த மந்தி, அவர்தம் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. நெடுவழியில் பிள்ளைகளின் சலிப்பைப் போக்கும் வழியும் அக்குடும்பங்களுக்குத் தெரிந்தே இருந்தது!

இவற்றினும் மேலாக நினையத்தக்கது புறநானூற்று 102ஆம் பாட்டு. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. பண்டமோ மிகுதி. பள்ளத்தில் இறங்கவேண்டும், மேட்டில் ஏறவேண்டும். என்ன நேருமோ யார் அறிவார் என்று உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்கின்றனர். அந்தச் சேம அச்சைப் போன்றவன் எழினி என்பது ஔவையின் உவமை. வண்டியின் அடியில் குனிந்து பார்த்த கண்ணுக்கே இவ்வுவமை கிட்டும். இக்காலத்துப் பயணக் கவிதைகளில் பனிமூட்டமும் பள்ளத்தாக்கும் நிறைந்திருக்கின்றன. மாற்றுச் சக்கரத்தைக் காண்பது அரிது. இது குறையே.

ஆற்றுப்படையை வள்ளலின் புகழாக மட்டும் பயில்வதும் இதே குறையின் பாற்பட்டது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், செங்கண்மாவில் வாழ்ந்த நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்துகிறது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கமே அவ்வூர். அங்குச் செல்லும் கூத்தர் அம்மலைக்குப் புதியவர்கள். ஆதலால் புலவர் வழியை அடிக்கு அடி சொல்கிறார். பன்றிக்கு அஞ்சித் தினைப்புனத்தார் வழிதோறும் கற்பொறி வைத்திருப்பர். ஆகவே விடிந்தபின் நடக்கவேண்டும். பாம்பு ஒடுங்கும் குழிகளைக் குறித்துக்கொண்டு விலகவேண்டும். யானை ஓட்டுவோர் எறியும் கவண்கல்லுக்கு மரத்தின் மறைவில் செல்லவேண்டும். பாசி வழுக்கும் இடங்களில் மூங்கிலையும் கோரையையும் பற்றிக் கடக்கவேண்டும். இரவானால் சொந்த வீட்டில் புகுவதுபோலக் குகையில் தங்கவேண்டும்.

வழி தவறினால்? குறவரும் மயங்கும் குன்றத்தில் சிக்கினால் மேலும் அலையாமல் அகன்ற பாறை ஒன்றில் கூடி நின்று, கையிலுள்ள இசைக்கருவிகளை முழக்கச் சொல்கிறார் புலவர். அவ்வொலி கேட்டுக் காடு காக்கும் கானவர் விரைந்து வந்து உதவுவர். கூத்தரின் கலையே அவர்களுக்கு அபயக்குரல் ஆகிறது. மலையேறுவோருக்கு இன்றும் சொல்லப்படும் முதல் அறிவுரை அதுதான்: தவறினால் நில், ஒலி எழுப்பு.

கொங்கு நாட்டுக்கும் இவ்வாழ்க்கை அயலானதன்று. தேர் நோம்பிக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு சென்ற தலைமுறையின் நினைவு இன்னும் மங்கிவிடவில்லை. வண்டிக்குள் வைக்கோல் பரப்பி அதன்மேல் பவானி ஜமுக்காளம் விரித்தால் படுக்கை. அடியில் தொங்கும் லாந்தர் விளக்கே இரவுக்கு ஒளி. கட்டுச்சோறு ஒருபுறம், மாட்டுத் தீவனம் ஒருபுறம். அச்சுக்கு மசை இடாமல் எந்த வண்டியும் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை.

மலைபடுகடாம் போல வழி சொல்ல வேண்டிய இடம் ஒன்று காரமடைக்கு அருகிலேயே உண்டு. உதகைக்குச் செல்வோரில் பெரும்பாலோர் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகவோ கோத்தகிரி வழியாகவோ ஏறுகின்றனர். மூன்றாம் வழி காரமடையில் பிரிந்து வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை கடந்து மஞ்சூரை அடைகிறது. கொண்டை ஊசி வளைவுகள் 43. அரசுப் பேருந்து ஓடும் வழிதான். எனினும் செல்வோர் குறைவு. இவ்வழியில் உருளும் இல்லத்தைச் செலுத்துவோர் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

பேருந்தின் அளவில் கட்டிய கேரவனைவிடச் சிறு வேன் அளவுள்ளதே இவ்வளைவுகளுக்கு ஏற்றது. கனத்த பொருள்கள் தாழ்வாகவும் அச்சுக்கு அருகிலும் இருக்கவேண்டும். மேலே அடுக்கினால் வளைவுதோறும் வண்டி சாயும். இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும். பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எரிவாயு உருளையின் திருகை மூடிய பின்பே வண்டி நகரவேண்டும். நீலகிரிக்குள் செல்லும் ஊர்திகளுக்கு 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் முறை வந்துள்ளது. ஆகவே பாஸையும், சோதனைச் சாவடிகள் திறந்திருக்கும் நேரத்தையும் முன்னரே கேட்டறியவேண்டும். பகலிலேயே மலையைக் கடந்துவிட வேண்டும். கௌசிகனார் விடியலைச் சொன்ன காரணம் வேறு, இங்கே காரணம் யானை.

இது யானைகளின் வழி. சாலையில் யானை நின்றால் ஒலிப்பானை அழுத்தாமல், விளக்கைக் கூசச் செய்யாமல், தொலைவிலேயே நிறுத்திக் காத்திருக்கவேண்டும். கூத்தருக்கு ஒலி துணையாயிற்று. இங்கே அது பகையாகும். அரிசியும் உப்பும் யானைக்கு மணம் காட்டும் பொருள்கள். கோவை மாவட்டத்து மலையடிவார ஊர்களில் அரிசியைத் தேடி யானைகள் வீட்டுச் சுவரை இடித்த செய்தி நாளிதழ்களில் புதிதன்று. தகட்டுச் சுவர் கொண்ட ஊர்தி அதற்கு எம்மாத்திரம்? எனவே காட்டோரத்தில் இரவு தங்குதல் கூடாது. ஊருக்குள், மக்கள் குடியிருப்புக்கு அருகில், இசைவு பெற்று நிறுத்துவதே முறை.

எல்லாவற்றினும் பொறுப்பு மிக்கது கழிவுநீர். உமணர் வண்டியில் இல்லாத ஒன்று இது. கேரவனின் அடியில் கழிவுநீர்த் தொட்டி இருக்கும். அது நிரம்பியதும் யாரும் காணாத ஓடையில் திறந்துவிடும் ஆசை எழும். இம்மலையின் ஓடைகள் பில்லூரை நோக்கியே வடிகின்றன. பில்லூர் அணையின் நீர்தான் கோவை மாநகரின் வீடுகளுக்குக் குடிநீராகச் செல்கிறது. கெத்தைச் சரிவில் திறந்துவிட்டது கோவையில் குடத்தில் வந்து நிற்கும். ஆதலால் தொட்டியைக் காலியாக்கிவிட்டு மலையேறி, இறங்கியபின் ஊரில் உரிய இடத்தில் மட்டுமே திறக்கவேண்டும்.

வெள்ளியங்காட்டைக் கடந்தால் தொலைபேசி அலை பல இடங்களில் அறுபடும். வழிகாட்டும் திரை வெறுமையாகும். ஆகவே டீசலையும் குடிநீரையும் காரமடையிலேயே நிரப்பிக்கொண்டு, பிரிவு வரும் ஊர்களின் பெயர்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். மலைபடுகடாத்துக் கூத்தர் வழி பிரியும் சந்திகளைத் துடைத்து, பின்வருவோர் தவறாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் சென்றனர்.