யாரும் ஏவாத இசை



ப்ளூஸ் பாணியில் கிதார் வாசித்த கறுப்பினப் பெண் எலிசபெத் காட்டன், சிறுவயதில் கற்றதைப் பல பத்தாண்டுகள் கைவிட்டிருந்தார். வீட்டுவேலை செய்துகொண்டிருந்த அவர், அறுபதை ஒட்டிய வயதில்தான் கிதாரை மீண்டும் எடுத்தார். வேலை பார்த்த குடும்பத்தின் மகன் மைக் சீகர், காட்டனின் வீட்டிலேயே அவர் வாசிப்பைப் பதிவுசெய்தார். 1958இல் இசைத்தட்டு வந்தது. 1985இல் கிராமி விருது.

நம் ஊர்களில் பறை, சாவு வீட்டு ஊழியமாகத் திணிக்கப்பட்டது. கூப்பிட்டால் போய் அடிக்க வேண்டும். அதனால், தன் அறையில் தனக்காக வாசிப்பதும் சாதி எதிர்ப்புதான். கல்லாவியிலிருந்து ஓசூருக்கு ஷிப்ட் போய் ஓய்ந்த அப்பா, செல்போனில் தன் இசையைப் பதிவுசெய்தால், “இந்த வயசுல எதுக்கு?” என்று கேட்காதீர்கள். யாரும் ஏவாமல் வாசிக்க இப்போதுதான் அவருக்கு நேரம் கிடைத்திருக்கிறது.