ஆட்டம் நின்ற பிறகு



2025 ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. சிகாமட்டில் 4.1 அளவில் நிலநடுக்கம். நம் மலாக்காவிலும் சிலருக்குத் தெரிந்தது. "கட்டில் ஆடுச்சு", "சாமி படம் சாஞ்சிருச்சு" என்று வாட்ஸ்அப்பில் ஒரே அமளி. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாரும் மறந்துவிட்டோம். மறந்தது குற்றமில்லை; அந்த அளவு நடுக்கம் மலையைப் பெயர்த்துவிடாது. ஆனால் ஆட்டம் நின்றதும் ஆபத்தும் போய்விட்டது என்று நினைக்கிறோமே, பெரிய நடுக்கம் வந்த மலையடிவாரத்தில் அந்த நினைப்பே ஆளைக் கொன்றுவிடும்.

2015 ஜூன் 5, சபா மாநிலத்து ரனாவ். காலை ஏழே கால் மணி. நிலநடுக்கத்தின் அளவு 6. கினபாலு மலையில் 18 பேர் மாண்டார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. கழுதைக் காது என்று பேர்பெற்ற இரட்டைச் சிகரத்தில் ஒன்று முறிந்து விழுந்தது. இது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

பாறை பிளந்து, மண் சரிந்து, மரங்கள் வேரோடு சாய்ந்து, அத்தனையும் ஓடைப் பள்ளங்களில் குவிந்து கிடந்தது. மழைக்காகத்தான் காத்திருந்தது. சபாவில் மழைக்கா பஞ்சம்? அதே ஜூன் மாதம் மழை இறங்கியது. மெசிலாவ் ஆற்றில் சேறும் மரமும் பாறையும் ஒன்றாகத் திரண்டு வந்தன. அதை வெள்ளம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டட வேலையில் லாரியிலிருந்து கான்கிரீட் கலவை கொட்டுமே, அந்தக் கனம். ஓட்டம் மட்டும் ஆற்றின் ஓட்டம். வெறும் தண்ணீர் நகர்த்த முடியாத பாறையை இது சுமந்துகொண்டு வரும். கோத்தா பெலுட் பக்கம் கடமாயான் ஆறும் சேறாய்ப் போனது. ரனாவில் ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்ய முடியாமல் வீட்டுக் குழாய்கள் வறண்டன. மலையேறிகளுக்கு வேறு பாதை போட்டார்கள். மெசிலாவ் பாதையை மூடியது மூடியதுதான்.

இது சில வாரத்தில் தீர்கிற தொல்லையும் இல்லை. சீனாவின் வென்சுவானில் 2008 மே மாதம் பெருநடுக்கம். சனங்கள் அழுது முடித்து, ஊரைத் திரும்பக் கட்டினார்கள். 2010 ஆகஸ்டில் ஒரு பெருமழை. இரண்டு வருஷமாக மேலே தேங்கிக் கிடந்த மண்ணும் கல்லும் இறங்கி ஆற்றை அடைத்து, புதிதாகக் கட்டிய இங்சியு ஊருக்குள்ளேயே வெள்ளத்தைத் திருப்பிவிட்டன.

நமக்கெதற்கு இந்தக் கதை என்று ஓர் ஐயா முகத்திலேயே கேட்கிறார். மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியை நினைத்துப் பாருங்கள் ஐயா. 2020 ஆகஸ்டு 6, இரவு. அங்கே நிலநடுக்கம்கூட இல்லை, மழை மட்டும்தான். 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள். இலங்கையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபரில் மண் மூடியதும் நம்மவர் லயங்களைத்தான். லயம் கட்ட இடம் பார்த்தவர் துரை. அதில் படுத்து உறங்கியவர் கூலிக்காரர். நம் தோட்டங்கள் தாழ்ந்த மேடுகளில் இருந்ததால் தப்பித்தோம், அவ்வளவுதான்.

ஆனால் இன்றைய பிள்ளைகள் தோட்டத்திலா உட்கார்ந்திருக்கிறார்கள்? கினபாலு ஏறுகிறார்கள். லீவு விட்டால் லேடாங் மலை, அசாஹான் அருவி. அங்கேயும் மேலே பெய்கிற மழை கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது. தம்பி, கொஞ்சம் கேள். ஆற்றில் தண்ணீர் திடீரென்று வற்றினால், பாறை தெரிகிறதே என்று படம் எடுக்க நிற்காதே. மேலே எங்கோ மரமும் மண்ணும் அடைத்திருக்கலாம். தெளிந்த தண்ணீர் கலங்கினாலும், இலையும் கிளையும் கூட்டமாக மிதந்து வந்தாலும், மலைக்குள் உறுமல் கேட்டாலும் பையை விட்டுவிட்டு ஓடு. ஆற்றோரமாகக் கீழே ஓடாதே, மேலிருந்து வரும் சேறு உன்னைவிட வேகம். பக்கவாட்டில் கரையேறி மேட்டுக்குப் போ.

கடைசியாக, மலைப்பயணம் ஏற்பாடு செய்கிற இளைஞர் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாள் ராத்திரி மலையில் கனமழை என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். பஸ்ஸுக்குக் கட்டிய முன்பணம் போய்விடுமே என்று செயலாளர் கவலைப்படுவார், எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் பாதியை நான் தருகிறேன். இத்தனை பேர் முன்னிலையில் சொல்லிவிட்டேன், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.