மூட்டு மாத்தியாச்சு, கால் ஏன் நழுவுது?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணிபுரியும் குழு உறுப்பினர் பேசியது)



சேமிப்பு, கடன் பற்றி மத்தவங்க பேசிட்டாங்க. நான் முட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்டில் ஆரம்பிச்சது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறதுல நம்ம குழுப் பெண்களும் இருக்கோம். போற வீட்டுல, மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட அம்மாக்கள் சிலர் சொல்றது இதுதான்: "வலி போச்சும்மா. ஆனா கால் என்னுது மாதிரி இல்ல, நழுவுது."

வீட்டுல இருக்கிறவங்க "எல்லாம் பயம்"னு சொல்லிடுறாங்க. கடனை வாங்கி ஆபரேஷன் பண்ணியாச்சு, இனிமே குறை சொன்னா பிள்ளை கோவிச்சுக்குவான்னு இவங்களும் வாயை மூடிக்கிறாங்க.

எல்லாமே பயம் இல்லைங்க. ஆபரேஷனில் தேய்ந்த எலும்பு முனையைச் சீவி உலோகம் பொருத்தி, நடுவில் பிளாஸ்டிக் தகடு வைக்கிறாங்க. ஆனால் மூட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிறது நம்ம சொந்தத் தசைநார்தான். கயிற்றுக் கட்டிலுக்குச் சட்டம் புதுசா இருந்தாலும் கயிறு தளர்ந்தா ஆடத்தானே செய்யும்? சிலருக்குக் காலை நீட்டினா இறுக்கம், மடக்கினா தளர்வு. அவங்க சமதரையில நல்லா நடப்பாங்க. நரசிம்மர் கோயில் படியோ, ரயில்வே ஸ்டேஷன் படியோ இறங்கும்போதுதான் தெரியும். நாற்காலியிலிருந்து எழும்போதும் தெரியும். முட்டி அடிக்கடி வீங்கும்.

இன்னொரு காரணம் தொடைத்தசை. வருஷக்கணக்கா வலியோட இருந்ததுல தசை மெலிஞ்சுபோயிருக்கும். ஆபரேஷன் முடிஞ்ச முதல் சில மாதம் கால் மடங்குற மாதிரி இருக்கிறது பெரும்பாலும் இதனாலதான். துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து அழுத்துறது, காலை நேரா நீட்டித் தூக்குறதுன்னு பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தர்ற பயிற்சியைத் தினமும் செய்தா பலம் வரும். நம்ம திட்டத்திலேயே பிசியோதெரபி வீட்டுக்கு வருது, கேளுங்க. பயிற்சி செய்தும் நழுவல் நிற்கலைன்னா, தசைநார் தளர்வான்னு டாக்டர்தான் பார்க்கணும்.

டொக் டொக்னு சத்தம் மட்டும் வந்தா, வலியும் வீக்கமும் இல்லாம, பெரும்பாலும் பயப்பட வேண்டாம். உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டுற சத்தம். ஆனா முட்டி சிவந்து சூடா இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ அன்னைக்கே போகணும். பல வருஷம் நல்லா இருந்த மூட்டு திடீர்னு வலிச்சாலும் காட்டணும்; எலும்போட பிடிப்பு விட்டிருக்கலாம். எண்ணெய் விட்டு நீவுறவங்ககிட்ட இந்த முட்டியைக் கொடுக்கவே கொடுக்காதீங்க.

டாக்டர்கிட்ட "ஒரு மாதிரியா இருக்கு"ன்னா அவருக்கு ஒண்ணும் புரியாது. ஏறும்போதா இறங்கும்போதா, எந்தப் பக்கம் சாயுது, வீங்குதா, எத்தனை தடவை விழப் பார்த்தீங்க, இதைச் சொல்லுங்க. ஆபரேஷன் செய்த இடத்துக்கே முதல்ல போங்க. முடியலைன்னா செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவு இருக்கு. காப்பீட்டு அட்டையும் டிஸ்சார்ஜ் சீட்டும் கையில இருக்கட்டும். மூட்டோட கம்பெனி, அளவு போட்ட ஸ்டிக்கர் அந்தச் சீட்டோட இருந்தா பத்திரம். மறுபடி பிளாஸ்டிக் தகடு மாத்தணும்னாலும் அதைத்தான் முதல்ல கேட்பாங்க. 2017-லேயே செயற்கை மூட்டு விலைக்கு மத்திய அரசு உச்சவரம்பு போட்டிருக்கு. அதனால பில்லில் மூட்டோட விலை தனியா இருக்கான்னும் பாருங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். வாரக்கூட்டத்துல எல்லாரும் ஜமுக்காளத்துல உட்கார்றோம். மூட்டு மாத்தினவங்க கீழே உட்கார முடியாததாலேயே கூட்டத்துக்கு வராம நின்னுடுறாங்க, சேமிப்பை மட்டும் பேத்திகிட்ட கொடுத்தனுப்புறாங்க. ஒவ்வொரு குழுவுக்கும் கைப்பிடி வைத்த நாற்காலி ரெண்டு வாங்கணும்னு தீர்மான நோட்டுல எழுதிடுங்க.