பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பக்கத் தாங்கி

ஊரை விட்டுத் தொலைவில் பிழைக்கும் நம்மவர்க்கு ஊரிலிருந்து வரும் செய்திகள் பெரும்பாலும் சிறியனவாகவே தோன்றும். ‘மழை பலம்’, ‘ஓடு இரண்டு நழுவிவிட்டது’ என்பன போன்ற அச்செய்திகளுள் எது பெரியது என்பதை இங்கிருந்தபடி அறிவது எளிதன்று. 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மூணாற்றிலிருந்து தில்லிக்கு நமக்கு வந்த செய்தி, ‘வண்டி சாய்ந்துவிட்டது’ என்பதே. யாருடைய வண்டி, யார்மேல் சாய்ந்தது என்று கேட்ட பிறகுதான் செய்தி முழுவதும் வெளிவந்தது.

நம் தகப்பனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்போது அவருக்கு வயது 74. அவரிடம் உள்ளது 1967ஆம் ஆண்டின் புல்லட் மோட்டார் சைக்கிள். 1978இல் பழைய வண்டியாக வாங்கியது. அன்று முதல் அதில்தான் கடைத்தெருவுக்கும், மருத்துவரிடத்திற்கும், உறவினர் வாழும் தோட்டத்து லயங்களுக்கும் போய் வருகிறார். அந்த வண்டிக்கு நடுத்தாங்கி மட்டுமே உண்டு. முழங்கால் வலியினால் அன்று நடுத்தாங்கியை மிதித்து ஏற்ற இயலாமல், வண்டியை ஒரு தேநீர்க் கடையின் சுவரில் சாய்த்திருக்கிறார். ஈரத் தரையில் சக்கரம் வழுக்கியது. வண்டி அவர் காலின்மேல் விழுந்தது. அருகிலிருந்த இளைஞர் இருவர் தூக்கிவிட்டனர். எலும்பு முறியவில்லை. ஆயினும் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று வீட்டார் முடிவு செய்தனர். தகப்பனார் மறுத்துப் பேசவில்லை. அவர் பேசாதிருந்ததுதான் நமக்குக் கவலையை உண்டாக்கியது.

வண்டியை ஓட்டும் வலிமை அவரிடம் இருந்தது. அதை நிறுத்தும் வலிமைதான் குறைந்திருந்தது. நிறுத்துவதற்கு ஒரு வழி செய்தால் விற்க வேண்டியதில்லை. அந்த வழிதான், ‘சைடு ஸ்டாண்டு’ என்று யாவரும் சொல்லும் பக்கத் தாங்கி. அதைப் பொருத்தியபோது நாம் கற்றுக்கொண்டவற்றை, ஊரில் பழைய வண்டியும் முதிய பெற்றோரும் உள்ள நேயர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே கூறுகிறோம்.

புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் தோன்றிய வண்டி. 1955இல் சென்னையின் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் ரெட்டிச்சின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாரோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தை நிறுவினர். முதலில் அங்கிருந்து உறுப்புகள் வந்தன. இங்கே அவற்றைப் பூட்டினர். பின்னர் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலேயே முழு வண்டியும் உருவாயிற்று. இதன் எஞ்சின் 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. வண்டியின் எடை ஏறத்தாழ 160 கிலோ.

நடுத்தாங்கி நல்ல ஏற்பாடுதான். பின்சக்கரத்தைக் கழற்றவும், சங்கிலிக்கு எண்ணெய் இடவும் அதுவே ஏற்றது. அதைக் கையின் வலிமையால் ஏற்றுவதில்லை. தாங்கியின் கொம்பை மிதித்து, உடலின் எடை முழுவதையும் அந்தக் காலில் இறக்கினால் வண்டி தானே எழும். பின்சக்கரத்தின் அடியில் ஓர் அங்குலப் பலகையை இட்டுக்கொண்டால் தூக்க வேண்டிய உயரம் குறையும். வீட்டு முற்றத்தில் இந்த உபாயம் போதும். கடைத்தெருவிலோ பலகை இராது. மிதிக்கும் கால் வலுவற்றதாயின் உடலின் எடையும் உதவாது.

இனி நாம் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். தில்லி கரோல் பாக்கில் மோட்டார் சைக்கிள் உறுப்புகள் விற்கும் கடைகள் பல உண்டு. அங்கே சென்று, ‘புல்லட்டுக்கு சைடு ஸ்டாண்டு’ என்று கேட்டோம். பளபளக்கும் ஒன்றைக் கொடுத்தனர். எந்த ஆண்டின் வண்டி என்று நாமும் சொல்லவில்லை. அதைப் பெட்டியில் வைத்து, இரயிலில் ஆலுவா வரை வந்து, அங்கிருந்து அடிமாலி வழியாகப் பேருந்தில் மலையேறினோம். பெரிய உதவி ஒன்றைக் கொண்டுவருகிறோம் என்ற மகிழ்ச்சி வழியெல்லாம் நமக்கு இருந்தது.

மூணாற்று மெக்கானிக் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “சார், இது புது வண்டிக்கு உள்ளது. ஐயாவின் வண்டியில் இதைப் பிடிக்க இடமே இல்லையே” என்றார். பிறகு குனிந்து வண்டியின் அடிப்பகுதியைக் காட்டினார். சில மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினுக்குக் கீழே சட்டகத்தின் குழாய் ஓடும். அக்குழாயில் கவ்வியை இறுக்கிப் பக்கத் தாங்கியைத் தொங்கவிடலாம். பழைய புல்லட்டில் அத்தகைய குழாய் இல்லை. முன்குழாய்க்கும் இருக்கையடிக் குழாய்க்கும் இடையே எஞ்சினும் கியர் பெட்டியும் தகடுகளால் பிணைக்கப்பட்டு, அவையே சட்டகத்தின் ஒரு பகுதியாக நிற்கின்றன.

அப்படியாயின் சட்டகத்தில் ஒரு துண்டு இரும்பைப் பற்றவைத்துவிடலாமே என்றோம். அதற்கும் அவர் இசையவில்லை. மெல்லிய குழாயில் பற்றவைப்பின் சூடு பட்ட இடம் வலுக்குறையும். எடை ஏற ஏற அங்கேதான் விரிசல் தோன்றும் என்றார்.

அவர் சொல்லாத மற்றொரு காரணமும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வாகனங்களைத் தொன்மை வாகனங்களாகப் பதிவுசெய்ய வழி செய்தது. சட்டகத்திலோ, உடற்கூட்டிலோ, எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனமே அதற்குத் தகுதி உடையது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றிற்கு ஓட்டலாமேயன்றி அன்றாடப் போக்குவரவிற்குப் பயன்படுத்தலாகாது. நாள்தோறும் கடைத்தெருவுக்குப் போக விரும்பும் நம் தகப்பனாருக்கு அப்பதிவு வேண்டுவதில்லை. எனினும், பின்னொரு நாள் யாரேனும் அதை நாடினால் அவருக்கு அந்த வழியை நாம் அடைத்துவிடக் கூடாதல்லவா? ஆகவே, வேண்டியபோது கழற்றிவிடக்கூடிய முறையில், எதையும் வெட்டாமல், பற்றவைக்காமல் பொருத்துவது என்று முடிவாயிற்று.

எஞ்சின் தகடுகளைப் பிணைக்கும் கீழ்ப்புறத்து போல்ட்டுகள் இரண்டையே மெக்கானிக் தேர்ந்தெடுத்தார். ஒரே போல்ட்டில் தொங்கவிட்டால் எடை விழும்போது தாங்கி சுழன்றுவிடும். இரண்டில் பிடித்தால் சுழலாது. எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டை அந்த இரு துளைகளுக்கு ஏற்ப அறுத்துத் துளையிட்டார். தகட்டின் கனம் கூடுவதால் பழைய போல்ட்டுகளின் நீளம் போதவில்லை. இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பழைய புல்லட்டின் மரைகள் ஆங்கிலேய அளவின; கடையில் எளிதில் கிடைப்பன மில்லிமீட்டர் அளவின. ஏறக்குறையப் பொருந்துகிறதே என்று ஒன்றில் மற்றொன்றை வலிந்து முறுக்கினால் மரை சிதையும். லேத் பட்டறையில் பழைய மரையிலேயே நீண்ட போல்ட்டுகள் கடைந்து வாங்கினோம்.

அடுத்தது நீளம். தாங்கி குட்டையானால் வண்டி மிகவும் சாயும். நீண்டால் நிமிர்ந்து நின்று, காற்றடித்தாலும் மறுபுறம் கவிழும். நடுத்தாங்கியில் ஏற்றிவைத்து இந்த நீளத்தை அளக்கலாகாது. இரு சக்கரங்களும் தரையில் ஊன்றி, வண்டியின் எடையால் ஸ்பிரிங்குகள் அமுங்கியிருக்க வேண்டும். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, கொத்தனாரின் தூக்குநூலைக் கொண்டு நேர்நிலையிலிருந்து ஏறத்தாழ 12 பாகை சாய்வு பார்த்தோம். அந்நிலையில் ஒரு மூங்கில் துண்டை முட்டுக்கொடுத்து, அதன் நீளத்திற்கே இரும்புத் தண்டை வெட்டினோம்.

தண்டின் அடியைப் பற்றியும் சிறிது எண்ண வேண்டும். சாய்ந்து நிற்கும் வண்டியின் எடையில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 40 முதல் 53 கிலோ வரை, தாங்கியின்மேல் இறங்குகிறது. தண்டின் நுனி நான்கு சதுர சென்டிமீட்டர் மட்டுமே இருந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 10 கிலோவுக்கு மேல் அழுத்தும். மழையில் ஊறிய மூணாற்று மண் அதைத் தாங்காது, தண்டு புதையும். நுனியில் உள்ளங்கை அகலத் தகட்டை, 60 சதுர சென்டிமீட்டர் அளவில் பொருத்தினால், அழுத்தம் ஒரு கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். ஈர மண்ணில் நிற்பதும் விழுவதும் இந்தத் தகட்டைப் பொறுத்தது.

பழைய புல்லட்டில் கியர் மிதி வலப்புறமும், பின்சக்கர பிரேக்கின் மிதி இடப்புறமும் இருக்கும். பக்கத் தாங்கியும் இடப்புறத்திலேயே அமைகிறது. மடங்கிய தாங்கியோ அதன் ஸ்பிரிங்கோ பிரேக் மிதியில் உரசினால் இறக்கத்தில் உயிருக்கே ஆபத்து. ஆகவே மிதியைக் கீழ்க்கோடி வரை அழுத்திப் பார்த்து, இடைவெளி உண்டு என்று உறுதி செய்துகொண்ட பிறகே போல்ட்டுகளை இறுக்கினோம்.

ஸ்பிரிங்கை எவ்வாறு அமைப்பது என்பதில் நமக்கும் மெக்கானிக்குக்கும் சிறு விவாதம் நிகழ்ந்தது. எடை நீங்கியவுடன் தானே மடங்கும் தாங்கி ஒரு வகை. இறக்கியது இறங்கியபடியும் மடக்கியது மடங்கியபடியும் நிற்பது மற்றொரு வகை. முதல் வகையில், மறதியாகத் தாங்கியை இறக்கியபடியே ஓட்டிச் செல்லும் அபாயம் இல்லை. ஆனால் நிற்கும் வண்டியை யாரேனும் சிறிது அசைத்தாலும் தாங்கி மடங்கி வண்டி விழும். சரிவு நிறைந்த மூணாற்றுக்கு இரண்டாவது வகையே ஏற்றது என்றார் மெக்கானிக். இதில் ஸ்பிரிங்கின் இழுவை, சுழலும் ஆணியின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்திற்குக் கடக்குமாறு அமையும். அதனால் இரு நிலைகளிலும் அது இறுகப் பிடிக்கும்.

ஆனால் இதில் மறதி பொல்லாதது. தாங்கி இறங்கியபடியே ஓடும் வண்டி இடப்புற வளைவில் சாயும்போது, தாங்கி தரையில் ஊன்றி வண்டியையே தூக்கி எறியும். இக்காலத்துப் புதிய வண்டிகள் பலவற்றில், தாங்கி இறங்கியிருக்கக் கியரிட்டால் எஞ்சினை நிறுத்தும் விசை உண்டு. பழைய வண்டிக்குப் பழக்கமே காவல். கியரிடுவதற்கு முன் இடக்காலின் குதியால் தாங்கியைத் தொட்டுப் பார்ப்பது என்று தகப்பனார் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டார்.

மலைநாட்டில் நிறுத்துவதற்கும் முறை உண்டு. வண்டியின் முகம் ஏற்றத்தை நோக்கியிருக்க வேண்டும். இறக்கத்தை நோக்கினால் வண்டி முன்னே உருண்டு தாங்கி பின்னே மடங்கும். மோட்டார் சைக்கிளுக்குக் கைபிரேக் இல்லையாதலால் முதல் கியரில் நிறுத்த வேண்டும். நாம் சாலையின் இடப்புறம் செல்பவர்கள். சாலையின் இடது ஓரமோ பெரும்பாலும் வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். அங்கே இடப்புறத் தாங்கியில் நிறுத்தினால் சாய்வு மிகுந்துவிடும். ஆகவே நிறுத்துமுன் தரையைப் பார்க்க வேண்டும். மேலும், தாங்கியில் சாய்ந்து நிற்கும் வண்டியின்மேல் ஏறி நின்று உதைத்து எஞ்சினைக் கிளப்பலாகாது. வண்டியின் எடையோடு ஆளின் எடையும் அந்த இரு போல்ட்டுகளில் விழும்.

வேலை முடிய இரண்டு நாட்கள் ஆயின. மூன்றாம் நாள் காலை தகப்பனார் தனியே கடைத்தெருவுக்குச் சென்றார். நாம் பின்தொடர்ந்து நடந்தோம். அதே தேநீர்க் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினார், தரையைப் பார்த்தார், முகத்தை ஏற்றத்தின்பால் திருப்பினார், குதியால் தாங்கியைத் தள்ளினார். வண்டி சாய்ந்து நின்றது. பிடித்துக்கொள்ள எழுந்துவந்த இளைஞர் ஒருவரைக் கையமர்த்திவிட்டு உள்ளே சென்று அமர்ந்தார். பிறகு நம்மைப் பார்த்து, “உனக்கும் ஒரு டீ சொல்லவா?” என்றார்.

தில்லியில் வாங்கிய பளபளக்கும் தாங்கி இன்றும் அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதன் விலை நமக்கு நட்டமன்று. அது கற்பித்ததற்குக் கூலி. ஊருக்குப் பணம் அனுப்பலாம், மருந்து அனுப்பலாம். ஆனால் ஒருவர் சாய்ந்து நிற்க வேண்டிய பொருளை இங்கிருந்தபடி ஊகித்து அனுப்ப முடியாது. அவர் நிற்கும் தரைக்குச் சென்று, அவரோடு குனிந்து அளந்த பிறகே அதைச் செய்ய முடியும். விடுமுறைக்கு ஊர் செல்லும் நேயர்கள், பெட்டியில் எதை எடுத்துச் செல்லாவிடினும், அளக்கும் நாடா ஒன்றும், அவசரமில்லாத இரண்டு நாட்களும் கொண்டு செல்லுங்கள்.