கை சீக்கிரம் வந்துடும், கண்ணுக்குத்தான் பயிற்சி வேணும்

ஒரு காலத்துல வரைஞ்சுட்டு, அப்புறம் வேலை, வீடுன்னு விட்டுட்டவங்களுக்கு இந்த எபிசோடு. நானும் ஆறு வருஷம் ஆயில் பெயின்ட் பக்கமே போகல. போன ஆடியிலிருந்து ஞாயிறுதோறும் திருச்சியிலிருந்து பைக்கில் லால்குடி போய், வயலை வரைகிறேன். சுமார் 20 கிலோமீட்டர்தான்.

திரும்ப ஆரம்பிக்கும்போது கையைப் பத்தித்தான் பயப்படுவோம். கை நாலு வாரத்துல பழகிடும். கண்ணுதான் மறந்திருக்கும். சம்பா நாற்றங்கால் பச்சையில் பெரும்பங்கு லெமன் யெல்லோ. அல்ட்ராமரீன் ஒரு துளி போதும். நடவு முடிஞ்ச வயல்ல பாதி வானம், ஏன்னா பயிருக்கு நடுவுல தண்ணி தெரியும். தை மாசக் கதிருக்கு யெல்லோ ஆக்கர். ‘பச்சை வயல்’னு நாம சொல்றது இத்தனை நிறம்.

நாற்றை ஒரு மாசத்துல பிடுங்கி நட்டுடுவாங்க. தள்ளிப்போட்டா அந்தப் பச்சைக்கு அடுத்த வருஷம் வரை காத்திருக்கணும். நான் வரையும் வயலுக்குப் பக்கத்து வயல்ல இப்போ ப்ளாட் கல் நட்டிருக்காங்க. அங்கே அடுத்த வருஷமும் கிடையாது.

1890, 91-ல் மோனே தன் வீட்டுப் பக்கத்து வைக்கோல் போர்களையே சுமார் 25 ஓவியங்களா வரைஞ்சார். வெளிச்சம் மாற மாற அடுத்த கேன்வாஸை எடுத்துக்குவார். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனா அலுக்காதுங்கிறதுக்கு அதைவிட என்ன வேணும்?

நான் பண்றது இதுதான். 8-க்கு 10 அங்குல அட்டை, ஐந்து ட்யூப், காலையில் ஒரு மணி நேரம். அதுக்கு மேல நிழல் நகர்ந்துடும். முதல் பூச்சு டர்பன்டைன் கலந்து மெலிசா. அடுத்தடுத்த பூச்சில் எண்ணெய் கூடணும். மாறிப்போனா வெடிப்பு விடும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகுது. மெலிசான பூச்சு பெரும்பாலும் ஒரு வாரத்துல தொடுற அளவு காய்ஞ்சிடும். அதனால ஞாயிறுக்கு ஞாயிறுங்கிறது ஆயிலுக்கே பொருத்தமான கணக்கு.

ஒரு எச்சரிக்கை: எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க, தானா சூடேறித் தீப்பிடிக்கலாம். விரிச்சு உலர்த்துங்க.

நல்ல படம் வரணும்னு காத்திருக்க வேண்டாம். உங்க ஊர்ல எந்த வயல், எந்தக் குளக்கரைன்னு மட்டும் இந்த வாரம் முடிவு பண்ணுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.