கட்டுப்படுத்தும் கொள்கையும் கேரளம் தந்த பாடமும்

(ஆனேக்கல்லில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



1947 மார்ச் 12 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன், கிரேக்கத்திற்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் உதவி வழங்குமாறு அந்நாட்டு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். கம்யூனிசம் பரவாமல் தடுப்பதே அமெரிக்க வெளியுறவுக் கொள்கையின் அச்சாணி என்பது அன்று பிரகடனமாயிற்று. 1949இல் நேட்டோ, 1954இல் சீட்டோ, 1955இல் பாக்தாத் ஒப்பந்தம் என இராணுவக் கூட்டுகள் தொடர்ந்தன. இந்தியா இவற்றில் சேரவில்லை, அணிசேராமையைக் கடைப்பிடித்தது.

அப்படியானால் அக்கொள்கை இந்திய மண்ணில் நுழையவே இல்லையா? இதற்குக் கேரளம் விடை தருகிறது.

1957 ஏப்ரல் 5 அன்று தோழர் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு பதவியேற்றது. ஒரு வாரத்திற்குள் குத்தகை விவசாயிகளை வெளியேற்றுவதற்குத் தடை விதித்தது. கல்வி மசோதாவும் நிலச் சீர்திருத்த மசோதாவும் தொடர்ந்தன. நிலப்பிரபுக்கள், தனியார் பள்ளி நிர்வாகங்கள், சாதி, மத அமைப்புகளின் தலைமைகள், காங்கிரஸ் ஆகியோர் ஒன்றுதிரண்டு ‘விமோசன சமரம்’ நடத்தினர். 1959 ஜூலை 31 அன்று, சட்டமன்றப் பெரும்பான்மை இருந்தபோதே, 356ஆவது பிரிவின் கீழ் அரசு கலைக்கப்பட்டது.

இதன் பின்னணியில் இருந்த அந்நியக் கரத்தைக் கம்யூனிஸ்டுகள் அன்றே சுட்டிக்காட்டினர். அது கற்பனை என்றனர் எதிரிகள். இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான் 1978இல் வெளியிட்ட நூலில், கம்யூனிஸ்டுகளைத் தோற்கடிப்பதற்காகக் கேரளத்தில் ஒருமுறையும் மேற்கு வங்கத்தில் ஒருமுறையும் காங்கிரசுக்குப் பணம் தரப்பட்டதாக எழுதினார். இந்திரா காந்தி அதை மறுத்தார். ஆனால் எழுதியவர் கம்யூனிஸ்ட் அல்லர். அமெரிக்க அரசின் தூதர்.

உணவும் ஆயுதமாயிற்று. 1965-66 வறட்சிக் காலத்தில், பி.எல். 480 கோதுமையை ஜான்சன் நிர்வாகம் சிறிது சிறிதாகவே விடுவித்தது. வியட்நாம் போர் குறித்த இந்தியாவின் விமர்சனம் வாஷிங்டனுக்குக் கசந்தது.

ஆயினும் அந்நியப் பணம் மட்டுமே கேரள அரசை வீழ்த்தியது எனக் கருதுவது பிழை. நிலத்தையும் கல்வியையும் தம் பிடியில் வைத்திருந்த உள்நாட்டு வர்க்கங்கள் இல்லையேல் அப்பணத்திற்கு இங்கே வேலையே இருந்திராது. 1960 தேர்தலில் கட்சிக்கு 29 இடங்களே கிடைத்தன. வாக்கு விகிதமோ சுமார் 35இலிருந்து 39 விழுக்காடாக உயர்ந்தது. உழைக்கும் மக்கள் கட்சியைக் கைவிடவில்லை.

இது கேரளத்தோடு முடிந்த கதையும் அன்று. அதே 356ஆவது பிரிவு 1989இல் கர்நாடகத்தின் பொம்மை அரசையும் வீழ்த்தியது. பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. கேரளத்தில் நடந்த அநீதிக்கு எதிராக அன்றே நாடு எழுந்திருந்தால், கர்நாடகம் இத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திராது.

இன்று கட்டுப்படுத்தும் கொள்கையின் இலக்கு சீனா. 2016, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவுடன் கையெழுத்தான இராணுவ உடன்பாடுகளும் ‘குவாட்’ அமைப்பும், அன்று விலகி நின்ற இந்தியாவை அதன் வளையத்திற்குள் இழுக்கின்றன. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி ஆலைகளில் உழைக்கும் தமிழ், கன்னடத் தொழிலாளர்களிடம், அவரவர் மொழியில், இதனை விளக்குவது நம் கடமை. வெளியுறவுக் கொள்கை டெல்லியின் விவகாரம் அன்று. உழைப்பவர் தேர்ந்தெடுக்கும் அரசு நிலைக்குமா என்பதும் அதனுள் அடங்கியுள்ளது.